கை நனைத்துவிட்டுப் போன கௌபாய்

முத்தாரம்மன் துணை

ஆரியசாலை, திருவனந்தபுரம்.
ஆடி மாதம், மழை விடாத ஒரு செவ்வாய்க்கிழமை.

தென்காசி வாழைக்காய் மண்டி முதலாளியும், என் வீட்டுக்காரியின் கூடப்பிறந்த அண்ணனும், எங்கள் குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் முதல் வெற்றிலை வாங்க உரிமைப்பட்டவரும், கோபம் வந்தால் போனை எடுக்காதவருமாகிய மதிப்புக்குரிய மச்சான் பிச்சைக்கனி அவர்களுக்கு, தங்கை மாப்பிள்ளை குற்றாலலிங்கம் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும், உங்கள் தங்கை செண்பகவல்லியும், எங்கள் மகள் திவ்யலட்சுமியும் சுகம். ஈரத்தில் என் கடை வத்தல் மூட்டைகள் முகம் கறுத்து உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு குறை இல்லை. அவ்விடம் உங்கள் சுகத்தையும், அக்கா சுகத்தையும், உங்கள் மகனும் என் மருமகனுமான விஜய்குமார் சுகத்தையும், அவன் வாங்கிய புது பைக்கின் சுகத்தையும் அறிய ஆவல்.

ஞாயிறு ராத்திரி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. திங்கள் காலையில் கூப்பிட்டேன், பாதி மணியிலேயே அறுத்துவிட்டீர்கள். வாட்ஸாப்பில் விளக்கமாகப் பேசி அனுப்பினேன், நீல டிக் விழுந்ததே தவிரப் பதில் விழவில்லை. அதனால்தான் தபால். தபாலை அறுக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிக்கிறவனும் இந்தப் பயல் என்னதான் எழுதியிருக்கிறான் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கிழிப்பான், பார்க்கத் தொடங்கியவன் கடைசி வரை போகாமல் விடமாட்டான். ஆகவே வாசியுங்கள். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சத்தமாகவே வாசியுங்கள். என் பேரில் தப்பு இல்லை என்று எல்லோருக்கும் விளங்கட்டும். தப்பு முழுவதும் அமெரிக்காவில் குதிரையில் போன ஒருத்தன் பேரில்.

நீங்கள் இட்ட உத்தரவை நான் மறக்கவில்லை. கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் ஆபீசில் தன்னோடு வேலை பார்க்கிற அனீஷ் என்ற பையனைத்தான் கட்டுவேன் என்று திவ்யா அவள் அம்மாவிடம் சொன்னதும், முறை மாப்பிள்ளையாக விஜய்குமார் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கையில் மலையாளத்து வீட்டில் பெண் கொடுப்பதா என்று நீங்கள் கேட்டதும், "நேர்ல போயி நயமாப் பேசி முறிச்சிட்டு வாரும், ஓய்" என்று சொன்னதும் என் காதில் இன்னும் நிற்கிறது. முறிப்பதற்கென்றே நான் போனேன். அதுவும் சும்மா போகவில்லை, இரண்டு பூட்டுப் போட்டுக்கொண்டு போனேன். முதல் பூட்டு ஆடி மாதம். நமக்கும் ஆகாது, அவர்களுக்கும் கர்க்கடக மாதம் ஆகாது, யாரும் எதையும் உறுதி பண்ண முடியாது. இரண்டாவது பூட்டு, அவர்கள் வீட்டுப் படி ஏறுவதில்லை என்பது. ஏறினால் சாயா வரும், கடி என்று பலகாரம் வரும், சோறு வரும். சம்பந்தம் பேசப் போன வீட்டில் ஒரு வாய் தின்றால், கை நனைத்தாயிற்று, வாக்குக் கொடுத்த மாதிரி. அந்தச் சட்டத்தின் கடுமையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சங்கரன்கோவிலில் பெண் பார்க்கப் போன இடத்தில் உங்கள் சித்தப்பா யோசிக்காமல் ஒரு கை கேசரியை அள்ளி வாயில் போட்டதால்தானே, வேண்டாம் வேண்டாம் என்று நின்ற நீங்கள் அக்காவைக் கட்டினீர்கள்? (அக்கா, இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் மன்னிக்கவும். அந்தக் கேசரியால் மச்சானுக்கு நன்மைதான் வந்தது.)

பையனின் அப்பா ஹரிகுமார் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வீடு வித்துராவில், பொன்முடி போகிற வழி. போன் போட்டு, நான் வருகிறேன், ஆனால் வீட்டுக்கு வேண்டாம், பொது இடமாக இருந்தால் தேவலை என்றேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், மனுஷன் சந்தோஷத்தில் குதித்துவிட்டார். அவர் அந்த ஊர் வாசகசாலையில் ஃபிலிம் சொசைட்டி நடத்துகிறாராம். ஞாயிறு மத்தியானம் அமெரிக்காவின் பழைய கௌபாய் படம் ஒன்று போடுகிறார்களாம், உலகத்தில் சினிமா தெரிந்தவன் எவனும் பார்த்தே தீர வேண்டிய படமாம். "ஒரு நல்ல சினிமா கண்டிட்டு நமுக்கு சம்சாரிக்காம்" என்றார், பார்த்துவிட்டுப் பேசலாம் என்று. பொது இடம், இருட்டு, பேச்சுக்கு வழியில்லை, சாப்பாட்டுக்கு வழியில்லை. இதைவிடப் பத்திரமான இடம் சம்பந்தம் முறிக்க எங்கே கிடைக்கும்? சரி என்றேன். விதி சிரித்தது என்று எழுத மாட்டேன், நெடுமங்காடு தாண்டியதும் மழை பிடித்தது என்று மட்டும் எழுதுகிறேன். காரின் வைப்பர் ஒன்று நின்றுபோய், என்னோடு வந்த திவ்யாவின் பக்கத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வித்துரா வரைக்கும் ஓட்டினேன். முறிக்கத்தான் போகிறேன் என்பது அவளுக்குத் தெரியும். எனக்கு வழி தெரிய வேண்டுமே என்று கண்ணாடியை மட்டும் அடிக்கடி துடைத்துக் கொடுத்தாள். மச்சான், ஏசியிருந்தால்கூட எனக்கு அது இவ்வளவு உறுத்தியிருக்காது.

வாசகசாலை மாடியில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, ஒரு நாற்பது பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்கள். ரப்பர் தோட்டக்காரர்கள், வாத்தியார்கள், தூங்குவதற்கென்றே வந்த வாசகசாலைத் தலைவர் ஒருவர். ஹரிகுமார் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. அவர் மனைவி பிந்து அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மூலையில் ஒரு பெரிய பாத்திரத்தை வைத்து மூடினார்கள். மூடியைப் பார்த்ததுமே நான் எதிர் மூலை நாற்காலியைப் பிடித்தேன். பையன் அனீஷ் கம்ப்யூட்டரையும் படம் காட்டும் பெட்டியையும் இணைத்துக்கொண்டிருந்தான். எழுந்து வந்து, "வாங்க மாமா, வழியில மழை உண்டா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டு, பதிலுக்கு நான் உம் என்றதும், அதற்கு மேல் வழியாமல் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். சிரித்துக் குழைந்திருந்தால் முறிப்பதற்கு எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

இனிப் படம். உங்களுக்கும் தெரிய வேண்டும், இந்தக் கடிதத்தில் குற்றவாளி அதுதானே. என் மளிகைத் தொழிலில் மல்லி மூட்டையைப் பிரிக்காமலே குத்தூசியைச் செருகிச் சரக்கை உருவிப் பார்ப்போம் அல்லவா, மேலே ஒரு குத்து, நடுவில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து? எனக்கு வேறு மாதிரிப் பார்க்கத் தெரியாது, படத்தையும் அப்படித்தான் பார்த்தேன். தூசி பறக்கிற ஒரு ஊர், ஒரே தெரு, ஒரே கிணறு. அந்தக் கிணற்றைச் சுற்றி வேலி போட்டுத் தண்ணீரைத் தன் மாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறான் ஒரு மாட்டுப் பண்ணைக்காரன். தெருக் கோடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற ஒரு விதவை மட்டும் அவனுக்குப் பயப்படாமல் நிற்கிறாள். எங்கிருந்தோ தொப்பியும் துப்பாக்கியுமாக ஒருத்தன் வருகிறான். பேர் கிடையாது, ஊர் கிடையாது, முன்பணம் கேட்டால் விலாசம் கொடுக்க முடியாத ஆள். அவள் கடையில் உட்கார்ந்து பயறு வேகவைத்ததைத் தகரத் தட்டில் வாங்கித் தின்கிறான். மறுநாளும் தின்கிறான். அதற்கு மறுநாளும். அப்புறம் பண்ணைக்காரனும் அவனும் தெரு நடுவில் எதிரெதிராக நிற்கிறார்கள்.

அந்த இடத்தில், இவன் கை துப்பாக்கிப் பக்கம் இறங்குகிற நேரத்தில், கம்ப்யூட்டர் தானே அப்டேட் ஆகிறேன் என்று வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. விளக்கைப் போட்டார்கள். ஹரிகுமார் எழுந்து நின்று, இந்த நிசப்தத்தை டைரக்டர் வேண்டுமென்றே வைத்தது போலவே இருக்கிறது என்று பிரசங்கம் தொடங்கினார். பாதிப் பேர் வராந்தாவுக்குப் பீடி பிடிக்கப் போனார்கள். பையன் யாரையும் ஏசவில்லை, கம்ப்யூட்டரையும் தட்டவில்லை. அது சுற்றி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஒழுகுகிற இடத்தில் வாளியை நகர்த்தினான், ஜன்னலை அடைத்தான், தூங்குகிற தலைவர் மேல் சாரல் அடிக்காமல் அவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டான். பிந்து அம்மா பாத்திரத்தைத் திறந்தார்கள். இலையடை. வாழையிலையில் சூடாக, தேங்காயும் சர்க்கரையும் மணக்க மணக்க. எனக்கும் ஒன்று கொண்டுவந்து கையில் வைத்தார்கள். வாங்காவிட்டால் மரியாதைக் குறைவு. வாங்கினேன், மடியில் வைத்துக்கொண்டேன். வைத்துக்கொள்வதற்குச் சட்டம் இல்லை, தின்பதற்குத்தான் சட்டம்.

படம் மறுபடி ஓடியபோது விட்ட இடத்திலிருந்து ஓடவில்லை. கொஞ்சம் முன்னாலிருந்து ஓடியது. ஏன் என்று திவ்யாவிடம் கேட்டேன். "தலைவர் தாத்தா அங்கதாம்ப்பா தூங்கிப்போனாரு. அவருக்குக் கத விடக்கூடாதுன்னு அங்கேருந்து போட்டிருக்கான்" என்றாள். இது நிற்க.

விளக்கை அணைத்தார்கள். அந்தச் சண்டை இருக்கிறதே, மச்சான், அது சண்டை இல்லை, பேரம். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. முதலில் விலை சொன்னவன் தோற்றான் என்பது நம் ஆரியசாலைக் கடைத்தெருச் சட்டம், அது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. கண்ணைக் காட்டுகிறார்கள், விரலைக் காட்டுகிறார்கள், ஒரு ஈ ஊர்வதைக் காட்டுகிறார்கள். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அந்த இருட்டில், அந்த நிலைமையில், என் கை தன் பாட்டுக்கு என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. முத்தாரம்மன் அறிய எழுதுகிறேன் என்று போடலாம் என்றுதான் நினைத்தேன், செண்பகம் வேண்டாம் என்கிறாள். துப்பாக்கி வெடித்தது, பண்ணைக்காரன் விழுந்தான், கிணற்று வேலியைப் பிடுங்கினார்கள், ஊரார் தண்ணீர் குடித்தார்கள். தொப்பிக்காரன் குதிரையில் ஏறினான். அந்தப் பெண் வாசலில் ஈரத் துணியோடு நிற்கிறாள். உள்ளே மேசையில் அவன் தின்ற தகரத் தட்டு இருக்கிறது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. படம் முடிந்தது.

விளக்கு வந்ததும் ஹரிகுமார் எழுந்து, இன்று நம்மிடையே சாலைக் கம்போளத்திலிருந்து, அதாவது நம் கடைத்தெருவிலிருந்து, ஒரு விசேஷ விருந்தாளி வந்திருக்கிறார், சாதாரண ரசிகனின் கண்ணால் படத்தின் நிறை குறைகளை அவர் சொல்வார் என்று என்னை எழுப்பிவிட்டார். சாதாரண ரசிகன் என்றது எனக்குக் கொஞ்சம் உறைத்தது. எழுந்தேன். தமிழும் மலையாளமுமாகக் கலந்து அடித்தேன்.

முதலில் நிறை சொன்னேன், வாங்குகிற சரக்கை முதலிலேயே பழிக்கக் கூடாது. தொப்பிக்காரன் எந்தக் கடைக்குள் போனாலும் சுவருக்கு முதுகும் வாசலுக்கு முகமுமாக உட்காருகிறான், கல்லாவில் உட்காருகிறவனுக்கு இது முதல் பாடம் என்றேன். தான் குடிக்கும் முன் குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிறான், வண்டிக்காரனைப் பட்டினி போட்டுச் சரக்கை ஏற்றியவன் உருப்பட்டதில்லை என்றேன். பேச்சு குறைவு, பேச வேண்டிய இடத்தில் காற்று பேசுகிறது, வானத்தை அத்தனை பெரிதாக நான் கண்டதில்லை, அந்த வானத்தின் அடியில் ஒரு மனுஷன் நடந்து வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரமும் காட்டியதற்கு ஒரு துணிச்சல் வேண்டும் என்றேன். ஹரிகுமார் கண்ணை மூடித் தலையாட்டினார்.

பிறகு குறை. அந்த ஊருக்கு ஒரு சரக்கு வண்டிகூட வந்து இறங்கவில்லை, பின்னே கடைக்காரன் எதை விற்கிறான்? சாராயக் கடையில் கண்ணாடியும் விளக்கும் நொறுங்குகிறது, கடைக்காரன் மேசைக்கு அடியில் போகிறான், மறுநாள் எல்லாம் புதிதாக இருக்கிறது, யார் கொடுத்த சரக்கு? ஆறு குண்டு போடுகிற துப்பாக்கியில் அவன் அடி இல்லாத சாக்கு மாதிரிக் கொட்டிக்கொண்டே இருக்கிறான். கிணற்றுக்கு வேலி போட்டவன் கெட்டவன் என்பது இருக்கட்டும், முதலில் அவன் மடையன், வாடிக்கைக்காரன் தாகத்தில் செத்தால் அவன் மாட்டை யார் வாங்குவான்? பெரிய குறை ஒன்று உண்டு. அந்த மண்ணில் இவர்களுக்கு முன்னாலேயே இருந்தவர்கள் ஒரே ஒரு சண்டையில் வருகிறார்கள், கத்துகிறார்கள், குதிரையிலிருந்து விழுகிறார்கள், போகிறார்கள். ஒருத்தருக்கு ஒரு வார்த்தை வசனம் கிடையாது. நானும் ஊர் விட்டு ஊர் பிழைக்க வந்தவன்தான். வந்து சேர்ந்த ஊரின் ஆட்களைப் பேசவிடாதவன் அந்த ஊரில் ஒரு நாள் கடை நடத்த முடியாது. எனக்கு மலையாளம் சொல்லிக் கொடுத்ததே என்னோடு சண்டைக்கு வந்தவர்கள்தான் என்றேன். வாத்தியார்கள் கை தட்டினார்கள்.

கைதட்டல் கெட்ட சாமான், மச்சான். அத்தோடு உட்கார்ந்திருந்தால் நான் இன்று இந்தக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கை தட்டியதும் எனக்கு இன்னும் கொஞ்சம் சொல்லத் தோன்றியது. எல்லாவற்றிலும் பெரிய குறை கடைசியில் இருக்கிறது என்றேன். இந்தத் தொப்பிக்காரன் அந்த வீட்டில் கை நனைத்தவன். ஒரு நாள் இல்லை, நாள் தவறாமல் நனைத்தவன். எங்கள் ஊரில் சம்பந்தம் பேசப் போன வீட்டில் ஒரு வாய் தின்றால் அது வாக்கு. தின்ற பிறகு வேண்டாம் என்கிறவனைப் பந்தியில் சேர்க்க மாட்டார்கள். இவன் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டுத் தட்டைக்கூடக் கழுவாமல் குதிரை ஏறிவிட்டான், இவனை வீரன் என்று எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன்.

ஹரிகுமார் விடவில்லை. அவன் சுதந்திரப் பறவை, தனிமைதான் அவன் வீடு என்று ஆரம்பித்தார். அப்போதுதான் பையன் முதல் தடவையாக வாயைத் திறந்தான். அப்பா, படம் முடிந்துவிட்டதால்தான் அவன் போனான், இன்னும் ஒரு ரீல் இருந்திருந்தால் அந்த வீட்டுக் கூரை ஓடுகளை மாற்றிக்கொடுக்க வேண்டி வந்திருக்கும், அதற்குப் பயந்து போனவனைப் போய்ப் பறவை என்கிறீர்களே என்று மலையாளத்தில் சொன்னான். கூட்டம் சிரித்தது. பிந்து அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் என் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மோளே, அண்ணன் தின்னுந்ந காரியம் எந்தா பறஞ்ஞது?" என்று திவ்யாவிடம் கேட்டார்கள். அண்ணன் என்றது என்னை, தின்பதைப் பற்றி நான் என்ன சொன்னேன் என்று கேள்வி.

திவ்யா சொன்னாள். குறைக்காமல், கூட்டாமல், கேசரிச் சித்தப்பாவை மட்டும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் என் மடியைப் பார்த்தாள், பாதியில் நின்றாள். நானும் குனிந்து பார்த்தேன். என் மடியில் வாழையிலை இருந்தது. இலைக்குள் ஒன்றும் இல்லை. அதற்கு அடியில் இன்னொரு இலையும் இருந்தது.

"ஞான் ஒந்நல்லே தந்நுள்ளூ" என்றார்கள் பிந்து அம்மா, மெதுவாக. ஒன்றுதான் கொடுத்தார்களாம். இரண்டாவது எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

நாற்பது பேரும் திரும்பிவிட்டார்கள். தூங்கிய தலைவர்கூட எழுந்து என்ன என்று பக்கத்தில் கேட்டு, விவரம் சொல்லப்பட்டு, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். அவருக்கு இந்தப் படம் பிடித்திருந்தது. திவ்யா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சின்ன வயதில் பரீட்சை ரிசல்ட் வரும்போது அப்படித்தான் நிற்பாள். அப்போது பையன் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் நின்றான்.

"மாமா, இருட்டுல கை தெரியாமப் போயிருக்கும். எங்க ஆளுகளுக்கு இந்த வழக்கம் தெரியாது. தெரிஞ்சிருந்தா அம்மா தந்திருக்க மாட்டா. இத வச்சு நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம். கையக் கழுவிட்டு வாங்க, சாயாகூட இல்லாமப் பேசலாம்."

சொல்லிவிட்டுச் செம்பை நீட்டியபடியே நின்றான். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். வெளியே மழை. வாளியில் சொட்டுகிற சத்தம். பின்னால் ஒரு வாத்தியார் படத்தில் வருகிற விசிலை வாய்க்குள் அடித்தார், யாரோ அதட்டியதும் நிறுத்தினார். ஆரியசாலையில் என் முன்னால் உட்கார்ந்த எந்த வியாபாரியும் என்னை முந்திப் பேசாமல் எழுந்து போனதில்லை. இவன் அதற்கு மேல் பேசவில்லை. கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

நான்தான் முதலில் வாயைத் திறந்தேன், மச்சான். தோற்றேன்.

"செம்பக் கீழ வையும், மாப்ளே" என்றேன்.

இதுதான் நடந்தது. இனி நீங்களே சொல்லுங்கள், நாற்பது பேர் நடுவில் என் வாயாலேயே சட்டத்தைச் சொல்லி, அந்தச் சட்டத்துக்குள் நானே மாட்டிக்கொண்ட பிறகு, கையைக் கழுவிக்கொண்டு காரில் ஏறி வந்தால், அந்தத் தொப்பிக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவனுக்காவது குதிரை இருந்தது, எனக்கு வைப்பர் இல்லாத கார். விஜய்குமாரும்தான் எங்கள் வீட்டில் காலங்காலமாகச் சாப்பிட்டிருக்கிறானே என்று நீங்கள் வாதாடலாம். அவன் பெண் பார்க்க வந்து சாப்பிட்டவன் இல்லை, சாப்பிட வந்து சாப்பிட்டவன், அது வேறு தலைப்பு. அவன் மனசு நோகும் என்று பயந்துதான் திங்கட்கிழமை அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். "ரொம்ப நல்லது மாமா, அப்பாட்ட நா சொன்னேன்னு சொல்லிராதிய" என்றான். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இது கடிதம்தானே, சொல்லவில்லை.

ஆவணி பிறந்ததும் நிச்சயம். வித்துராவில் அவர்கள் வீட்டிலேயே. தாய்மாமன் நீங்கள் வந்து முதல் மாலையை எடுத்துக் கொடுக்காமல் திவ்யா மணைப்பலகையில் உட்கார மாட்டாள் என்று சொல்லிவிட்டாள். அனீஷின் வீட்டாரிடமும் இதைச் சொல்லியாயிற்று. தென்காசியிலிருந்து மாமா வர வேண்டும், அவர் கோபக்காரர், ஆனால் வருவார் என்று. பொய்யாக்கிவிடாதீர்கள். வரும்போது நேந்திரங்காய் ஒரு தார், மண்டியில் முதல் தரம் பார்த்துக் கொண்டுவரவும். இங்குள்ளவர்களுக்கு நேந்திரனில் நாம் பாடம் எடுக்கலாம்.

அக்காவுக்கும் விஜய்குமாருக்கும் எங்கள் அன்பு. உங்கள் மண்டியில் காய் பழுக்காமலும், வீட்டில் மனசு கனியாமல் இராமலும், கோபம் ஆடியோடு தீர்ந்து ஆவணிக்கு மிச்சமில்லாமலும் முத்தாரம்மன் பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
ஒரு கௌபாயால் மோசம் போன உங்கள் தங்கை மாப்பிள்ளை,
குற்றாலலிங்கம்

பின்குறிப்பு: கையெழுத்து வரைக்கும் வீட்டில் வாசித்துக் காட்டியிருப்பீர்கள். இது உங்களுக்கு மட்டும், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளவும். நீங்களும் வியாபாரி, இன்றில்லாவிட்டாலும் ஒரு நாள் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதற்கு முன் நானே சொல்லிவிடுவது லாபம்.

மேல் குத்து, அவன் வாங்க மாமா என்று கேட்டுவிட்டு வழியாமல் வேலைக்குப் போனது. நடுக் குத்து, கம்ப்யூட்டர் சுற்றும்போது வாளியையும் நாற்காலியையும் நகர்த்தியது. சரக்கு நயம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. முதல் அடையை நான் தின்றது அப்போதுதான். சனம் வராந்தாவில் நின்றது. ஹரிகுமார் கண்ணை மூடிப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, மச்சான். தின்று முடித்து, இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டேன். பாத்திரத்திலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தது அனீஷ்தான். தலைவருக்காகப் படத்தைப் பின்னால் ஓட்டினான் என்று திவ்யா சொன்னபோது அதையும் பாதி தின்றிருந்தேன், திரையைப் பார்த்தபடி சொன்னவள் அதைக் கவனிக்கவில்லை.

ஆனாலும் அடிக் குத்துக் குத்திப் பார்க்காமல் நான் சரக்கு எடுப்பதில்லை. அதற்காகத்தான் கை நனைக்கிற சட்டத்தை அத்தனை பேருக்கு முன்னால் எடுத்துவிட்டேன். என்னை மடக்க ஒரு சந்தர்ப்பம் அவன் கையில் கொடுத்தால் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டியிருந்தது. நான் வெளிச்சத்தில் தின்றது அவனுக்குத் தெரியும், அவனே சாட்சி. ஒரு வார்த்தை சொன்னால் பெண் அவனுக்கு. அவன் செம்பைக் கொண்டுவந்து, இருட்டுல கை தெரியாமப் போயிருக்கும் என்றான். இந்தக் கடிதத்தில் மேலே நான் எழுதியிருக்கிற இருட்டு என் சரக்கு இல்லை, அவன் கொடுத்த சரக்கு.

ஆகவே எல்லாம் என் திட்டப்படிதான் நடந்தது, ஒன்றைத் தவிர. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சரி தம்பி, ஆவணியில் பேசுவோம் என்று கௌரவமாகச் சொல்லிவிட்டு எழுவதாகத்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன். "மாப்ளே" என்பது அந்தக் கணக்கில் இல்லை. அது தானாக வந்தது.